எர்மிலோ வாசலைத் தாண்டாத கதை

மெக்சிகோவின் தொலூக்கா ஊரில் பாதிக் கிழவர்கள் சோளக்கதிரைக் கடித்துத் தின்பது எர்மிலோ ஓல்கின் புண்ணியத்தில்தான். ஆனால் அது அந்தக் கிழவர்களுக்குத் தெரியாது. பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். எர்மிலோ சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பார். நன்றியெல்லாம் டாக்டருக்குப் போய்விடும். பல் உறுத்தினால் மட்டும் "அந்தப் பல்லுக்காரன் சரியில்ல" என்று இவர் ஞாபகம் வரும். இருபது வருஷமாக இதே கதை. நாற்பத்தாறு வயது, சொட்டை விழத் தொடங்கிய தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. பேரைக்கூட யாரும் சொல்லிக் கூப்பிடாத ஆள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவருக்கு மரியாதை இருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் எரென்டிரா என்ற அம்மாள் வீடியோ கேம் பெட்டிகளை ரிப்பேர் பார்க்கும் கடை வைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு ஐந்தாறு பேர் உள்ளே கூடுவார்கள். ஒருத்தருக்கும் நாற்பதுக்குக் குறைந்த வயதில்லை, ஒருத்தருக்கும் வெட்கமும் இல்லை. அந்தக் கடைக்குள் எர்மிலோ தலையைக் குனிந்து நுழைந்தால் போதும், "வா வாத்தியாரே" என்று நாற்காலி காலியாகும்.

வாத்தியார் என்றால் கரிக்கோட்டைக்கு வாத்தியார். அந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அது விளையாட்டு இல்லை, தண்டனை. மூன்று பாகம் வந்திருக்கிறது, மூன்றும் காசு கொடுத்து அடி வாங்கிக்கொள்ளும் ஜாதிக்கு. முதல் வாசலிலேயே தலையில் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு காவல்காரன் சுத்தியலோடு நிற்பான். ஒரே அடி, செத்தாய். மறுபடி முதலிலிருந்து. அவனைத் தாண்டினால் அவனுடைய தம்பிகள், அவர்களைத் தாண்டினால் பறக்கிறவை, ஊர்கிறவை. எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து கறுப்பு முக்காடு போட்ட ராணி ஒருத்தி எழுந்து வருவாள். அவளை ஜெயித்தவர்களை ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு கை விரலுக்கு மேல் தேறாது. அதில் ஒருவர் எர்மிலோ என்பது கடையில் எல்லோருடைய நம்பிக்கை.

எர்மிலோ அந்த முதல் வாசலைத் தாண்டியதே இல்லை.

பொய் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல் முதலாக அந்தக் கடைக்குப் போன நாளில், நிக்கானோர் என்ற டவுன் பஸ் டிரைவர் காவல்காரனிடம் மிதிபட்டுக்கொண்டிருந்தான். எர்மிலோ இணையத்தில் ஆயிரம் பேர் விளையாடுவதைப் பார்த்தவர். "அவனுக்கு எடது பக்கம் போ, சட்டிக்குள்ள எடது கண்ணு தெரியாது" என்றார். நிக்கானோர் போனான், ஜெயித்தான். "நீங்க முழுசா முடிச்சிட்டீங்களா?" என்று வாயைப் பிளந்து கேட்டான். எர்மிலோ பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவ்வளவுதான் அவர் செய்த பாவம். மற்றதைக் கடை பார்த்துக்கொண்டது.

கை சரியில்லாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்கும்போது அந்தக் கை முடியளவும் பிசகாது. ஆனால் பல் திருப்பி அடிக்காது. ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்து எதிரே ஒருவன் சுத்தியலைத் தூக்கினால் எர்மிலோ கண்ணை இறுக மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கிற விளையாட்டை எந்த தேசத்திலும் இன்னும் யாரும் செய்யவில்லை.

அவருடைய நிஜமான சந்தோஷம் வேறு ஒன்று, அதை அவர் சாராயம் ஒளிப்பது போல ஒளித்து வைத்திருந்தார். கரிக்கோட்டையைச் செய்த அதே கம்பெனிக்காரர்களுக்கு ஒரு சமயம் என்ன தோன்றியதோ, அதே பூதங்களை வைத்து "கரிக்கோட்டைச் சாப்பாட்டுக்கடை" என்று ஒன்றைக் கிளை பிரித்து விட்டார்கள். அதில் யாரும் சாவதில்லை. கோட்டையில் சண்டை ஓய்ந்துவிட்டது. பூதங்களுக்கு வேலை போய்விட்டது. நீ ஒரு கடை திறந்து அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்கிறாய். சட்டித் தலையன் பாத்திரம் கழுவுவான். பறக்கிறவை பரிமாறும். கிணற்று ராணி சூப்பு வைப்பாள். சூப்பு தீய்ந்தால் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூலையில் போய் நிற்பாள், அதுதான் அந்த விளையாட்டிலேயே பெரிய ஆபத்து. எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டனும் விளையாடலாம் என்று உறையிலேயே போட்டிருக்கும்.

எரென்டிரா அதைக் கடையில் விற்க மறுத்தாள். "புலியப் புடிச்சு பல்லப் புடுங்கி பூனையாக்கி வெச்சிருக்கானுங்க" என்று காறித் துப்பாத குறை. எல்லோரும் சிரித்தார்கள், எர்மிலோவும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ராணிக்குப் புது வெங்கல அண்டா வாங்கிக் கொடுத்தார்.

பகல் முழுக்க "உயரமா இருக்கு, மஞ்சளா இருக்கு, கடிச்சா நோவுது" என்று கேட்டுவிட்டு வருகிற மனுஷனுக்கு, சாயங்காலமும் ஒருவன் சுத்தியலால் அடிக்க வேண்டுமா? அவருக்கு அந்தப் பூதங்களைப் பிடித்திருந்தது. அந்தக் கோட்டைக்குள் போய்ச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்று மெய்யாகவே ஆசை. பெரிய விளையாட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டது. சின்ன விளையாட்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவர் பெண்டாட்டி ஒத்தீலியா கேட்டாள். அவள் பதிவாளர் ஆபீசில் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் ஒரே முகத்தோடு எழுதிக் கொடுக்கிறவள். வெட்கம் என்பதெல்லாம் அவளுக்கு எளிதில் விளங்காது.

"சொல்லிட வேண்டியதுதான எர்மிலோ?"

"சொன்னா என்னைய வாத்தியார்னு யாரு கூப்பிடுவா?"

"நான் வேணா கூப்புடுறேன்."

"நீ கூப்பிட்டா கிண்டல் மாதிரி இருக்கும்."

"மாதிரி இல்ல. கிண்டல்தான்."

இப்படியே காலம் ஓடியிருக்கும். ரொட்டிதான் கெடுத்தது.

ஜனவரி ஆறு, பாலயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள். எரென்டிரா வழக்கம்போல வளைய ரொட்டி வாங்கி வைத்திருந்தாள், மேலே சர்க்கரையில் ஊறின அத்திப்பழத் துண்டுகள், கூடவே சூடான சாக்லேட். ரொட்டிக்குள் விரல் நுனியளவு பிளாஸ்டிக் குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் அது வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால், அதாவது சோள மடலில் மாவைப் பொதிந்து அவித்த பண்டம், போட வேண்டும். போடுவதற்கு யாருக்கும் மனசு வராது என்பதால், பொம்மையை ஒளிக்கிற வித்தையும் ரொட்டியோடு கூடவே பிறந்தது. கையிடுக்கில் மறைப்பார்கள், பக்கத்துத் துண்டில் தள்ளுவார்கள், துணிந்தவன் விழுங்கிவிடுவான்.

எர்மிலோ கத்தியால் மெல்லிசாக ஒரு துண்டு அறுத்தார். அத்திப்பழத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு மண்டை எட்டிப் பார்த்தது. யாரும் பார்க்கவில்லை. ரொட்டியோடு அப்படியே வாயில் போட்டு, பொம்மையை நாக்கால் தள்ளி, மேல் கடைவாய்ப்பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிக்கொண்டார். இருபது வருஷத் தொழில் ஞானம். அந்த இடத்தில் என்ன அடங்கும், எவ்வளவு அடங்கும் என்று தொலூக்காவில் அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் கதை முடிந்தது.

"வாத்தியாரே," என்றான் நிக்கானோர். "ராணி ரெண்டாவது தடவ கெணத்துல இருந்து எழுந்து வர்றா பாருங்க, அப்ப கேடயத்தத் தூக்கணுமா, ஓடணுமா?"

கடை முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

"ஓவ்வு" என்றார் எர்மிலோ.

"என்னது?"

"ஓவ்வணும்."

எரென்டிரா கத்தியைக் கீழே வைத்தாள். "யோவ், வாயில என்ன?"

"பழ்ழு."

"எல்லாருக்கும் பல்லு செய்றவன் வாயில யாரு பல்லுய்யா?"

சமாளிக்கலாம் என்று ஒரு வாய் சாக்லேட்டைக் குடித்தார். பொம்மை சாக்லேட்டோடு கிளம்பித் தப்பான குழாயில் திரும்பியது. எர்மிலோ முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது. நிக்கானோர் பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளிப் பழகின கையால் முதுகில் ஒரு போடு போட்டான். பொம்மை பறந்து போய் அவனுடைய கோப்பையிலேயே விழுந்து மிதந்தது.

மெக்சிகோ கோல் போட்டதுபோல அப்படி ஒரு கூச்சல். பொம்மையை ஒளித்தவனுக்குத் தண்டனை என்ன என்று எரென்டிரா யோசித்தாள். ரொம்ப நேரம் ஆகவில்லை. "தமால வாங்கிட்டு வந்து கடையில வெச்சிட்டு கம்பி நீட்டலாம்னு பாக்காத. ஒன்பது வருஷமா உன் வீட்டு வாசலக்கூட நாங்க பாத்ததில்ல. ஒன் வீட்லதான் விருந்து. விருந்து முடிஞ்சதும் ராணிய எங்க கண்ணு முன்னால அடிச்சுக் காட்டணும்."

எர்மிலோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இருபத்தேழு நாள் இருந்தது. டிவி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாமா? எரென்டிரா ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பாள். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா? தமாலைக் கட்டிலுக்கே கொண்டுவந்து தின்பார்கள். வேறு வழியில்லாமல் மனுஷன் மெய்யாகவே பழக உட்கார்ந்தார். வேலை விட்டு வந்ததும் கரிக்கோட்டையைத் திறப்பார். சட்டித் தலையன் சுத்தியலைத் தூக்குவான். எர்மிலோ கண்ணை மூடுவார். ஒத்தீலியா அடுப்படியிலிருந்து, சத்தத்தை வைத்தே, "இன்னொண்ணு" என்பாள். ஒரு நாள் இடது பக்கமாக நாலடி போய்விட்டார். போன சந்தோஷத்தில் எழுந்து குதித்ததில் ஜாய்ஸ்டிக் கீழே விழுந்து செத்தார். ஜனவரி கடைசியில் அவருக்குத் தூக்கத்திலும் தலையைக் குனிகிற பழக்கம் வந்துவிட்டது. வாசல் மட்டும் திறக்கவில்லை.

பிப்ரவரி இரண்டு வந்தது. ஒத்தீலியா பாலயேசு பொம்மைக்குப் புதுச் சட்டை போட்டுக் கோவிலில் மந்திரித்துக் கொண்டுவந்து சின்ன நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். நாற்காலி டிவியைப் பார்த்தபடி இருந்தது. எர்மிலோவின் திட்டம் எளிமையானது. எழுந்திருக்க முடியாதபடி தின்ன வைத்துவிடுவது. பச்சை மிளகாயும் கோழியும் வைத்த தமால், பாலாடைக்கட்டி வைத்தது, திராட்சை போட்ட இனிப்புத் தமால் என்று ஐந்து பேருக்கு அறுபது. ஒரு வாளி நிறையச் சோளக் கஞ்சி. நிக்கானோர் ஏழாவது மடலைப் பிரித்தபோது எர்மிலோவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கஞ்சியைச் சுட வைக்க அடுப்படிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது எரென்டிரா வீடியோ கேம் பெட்டியைப் போட்டுவிட்டு டிவி முன்னால் குந்தியிருந்தாள். திரையில் இரண்டு படம். ஒன்றில் அண்டாவைக் கிளறிக்கொண்டு கிணற்று ராணி. கீழே, விளையாடியது ஆயிரத்து நானூற்று அறுபது மணி நேரம். இன்னொன்றில் சுத்தியலோடு சட்டித் தலையன். கீழே, திறந்த வாசல்கள் ஒன்றுமில்லை, மரணங்கள் அறுநூற்றுப் பதினொன்று.

எரென்டிரா இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"யோவ்," என்றாள் எரென்டிரா. "வாத்தியாரே. நீ சூப்புக்கடையா வெச்சிருக்க?"

அப்புறம் வெடித்தது பாருங்கள். ஒருவர் தமாலைத் துப்பினார். இன்னொருவர் நாற்காலியோடு சாய்ந்தார். "ஒன்பது வருஷமா வாசல்லயே நிக்கிறானே, அந்தச் சட்டிக்காரனுக்கே பாவமா இருந்திருக்குமே!" "இனிமே கடையில சந்தேகம் கேட்டா உப்பு எவ்வளவு போடணும்னுதான் கேக்கணும்!" எரென்டிராவுக்கு அழுகையே வந்துவிட்டது சிரித்துச் சிரித்து. எர்மிலோ கஞ்சி வாளியைப் பிடித்தபடி அசட்டுச் சிரிப்போடு நின்றார். சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரே எதிர்பார்த்த அளவுக்கு அது வலிக்கவில்லை.

நிக்கானோர் சிரிக்கவில்லை. மடலை மடித்துத் தட்டில் வைத்தான், கையைத் துடைத்தான், எழுந்து ஜாக்கெட்டை மாட்டினான்.

"எங்கடா?" என்றாள் எரென்டிரா.

அவன் எர்மிலோவைப் பார்த்துத்தான் பேசினான். "எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப உங்களுக்கு ஒரு நாள் போன் பண்ணேன், ஞாபகம் இருக்கா? பகல்ல பஸ்ஸு, சாயங்காலம் அம்மா பக்கத்துல, வீட்டுக்கு வந்தா இந்தக் கெணத்துக்காரிகிட்ட அடி. அன்னிக்கி ஜாய்ஸ்டிக்க செவுத்துல வீசிட்டு, முடியல வாத்தியாரே, எதுவுமே முடியலன்னு அழுதேன். நீங்க என்ன சொன்னீங்க? 'நானும் நானூறு தடவ செத்திருக்கேன், விழுந்தா எழுந்துக்கோ, அவ்வளவுதான்'னு சொன்னீங்க. அதப் புடிச்சுக்கிட்டுதான் அம்மாவ அடக்கம் பண்ற வரைக்கும் நான் நடமாடுனேன். நீங்க அங்க போனதே இல்லையா?"

நிக்கானோர் கதவருகே போய்விட்டான். எர்மிலோ வாளியைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் துடைக்கக் கை போனது, துடைக்கவில்லை.

"போனதில்ல நிக்கானோர். ஆனா நானூறு பொய் இல்ல. நீ போன் பண்ணப்ப நானூத்தி மூணு. எல்லாம் அந்த வாசல்ல. இந்த மாசம் மட்டும் எரநூறு." திரையைக் கையால் காட்டினார். "எனக்கு ஜெயிக்கத் தெரியாதுடா. ஜெயிக்கிறதப் பத்தி நான் சொன்னதெல்லாம் ஊரான் பேச்சு. விழுந்தா எழுந்துக்கறது ஒண்ணுதான் நானாச் சொன்னது. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

நிக்கானோர் கதவில் கை வைத்தபடி நின்றான். திரையைப் பார்த்தான். அறுநூற்றுப் பதினொன்று.

"வாசல்லயேவா?" என்றான்.

"வாசல்லயே."

"எடது பக்கம் போனா சுலுவா போயிரலாமே."

"தெரியும்."

"நீங்கதான சொன்னீங்க!"

"தெரியும்டா! கண்ண மூடிக்கிறேன், என்ன பண்ணச் சொல்ற?"

நிக்கானோரின் வாய் ஓரத்தில் ஏதோ துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. திரும்பி வந்து ஜாக்கெட்டைக் கழற்றாமலே நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தெற உன் கடைய" என்றான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வாத்தியாரும் இல்லை, 'நீங்க'வும் இல்லை. "தெற எர்மிலோ. எனக்கும் ஒரு சூப்பு குடு."

எர்மிலோ கடையைத் திறந்தார். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவனிடம் கொடுத்தார். திரையில் நிக்கானோர் ஒரு மேஜையில் போய் உட்கார்ந்தான். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, கரண்டியும் கிண்ணமுமாக, அவனை இரண்டு வருஷம் கிணற்றடியில் போட்டு மிதித்தவள் எதிரே வந்தாள். நிக்கானோர் பழக்க தோஷத்தில் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"பயப்படாத," என்றாள் ஒத்தீலியா, "அவ இங்க சாது."

ராணி கிண்ணத்தை வைத்தாள். கடையில் கூட்டமில்லாததால் பக்கத்திலேயே நின்று ஊர்க்கதை பேச ஆரம்பித்தாள். புருஷன் தண்ணீர் இறைக்கப் போய்க் கிணற்றில் விழுந்ததை, அவனைத் தேடித் தான் இறங்கினதை, மேலேயிருந்து வந்தவர்கள் எல்லோரும் கத்தியோடு வந்ததை, எழுத்து எழுத்தாகத் திரையின் அடியில் சொல்லிக்கொண்டு போனாள். நிக்கானோர் வாயசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். மற்றவர்களும் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு வந்தார்கள். எரென்டிராகூடக் கஞ்சிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தாள்.

"ரெண்டு வருஷம்," என்றான் நிக்கானோர் மெல்ல. "ரெண்டு வருஷம் இவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். இதெல்லாம் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"நீ அவள அடிச்சுக்கிட்டே இருந்தா," என்றார் எர்மிலோ, "அவ எப்படா சொல்லுவா?"